லவ்கிராப்டும் அவர் ஏடுகளைக் காத்தவர்களும்

நம் காலனியிலுள்ள பழைய குடும்பங்கள் பலவற்றில், தகரப் பெட்டியின் அடியிலோ பரண் மீதோ, காலிகோ அட்டை போட்டுத் தைத்த தடித்த புத்தகம் ஒன்று இருக்கக் காணலாம். வாரந்தோறும் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்தெடுத்து, வரிசை தவறாமல் அடுக்கி, பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வாங்கிய புத்தகம் அது. 1950 முதல் 1954 வரையில் 'கல்கி'யில் வெளிவந்த பொன்னியின் செல்வனை இவ்வாறு சேர்த்து வைத்த பாட்டிமார் எத்தனை பேர்! உத்தியோகத்தின் பொருட்டு நாம் புனே நகருக்குக் குடிபெயர்ந்தபோது, நமது தாயாரும் பாத்திரம் பண்டங்களுக்கு நடுவே அத்தகைய கட்டுகள் இரண்டைப் புடைவையில் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்.

இவ்வாண்டு மலருக்குப் பெரியோர் எவருடைய வாழ்க்கை வரலாற்றையேனும் எழுதித் தருமாறு சங்கத்தின் காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். பெரியோர் வரிசையில் வழக்கமாக வைத்து எண்ணப்படாத ஒருவரையே நாம் தேர்ந்துகொண்டோம். ஹோவர்ட் பிலிப்ஸ் லவ்கிராப்ட் என்பது அவர் பெயர். அமெரிக்க நாட்டவர், திகிற்கதைகள் எழுதியவர், 1937-ஆம் ஆண்டு காலமானவர். நம் காலனிச் சிறுவர்களைக் கேட்டால், அவர் படைத்த 'கதூலு' என்னும் கடற்பூதத்தைக் கணினி விளையாட்டுகளில் கண்டிருப்பதாகச் சொல்வார்கள். அப்பூதத்தின் பெயர் உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆயினும் அதைப் படைத்தவர் கண்ணை மூடிய நாளில், அவர் கதைகளுள் பெரும்பாலானவை பழைய பத்திரிகைகளின் பக்கங்களில் மட்டுமே கிடந்தன. அவை இன்று நமக்குக் கிடைப்பது, தொடர்கதையைக் கிழித்துக் கட்டிய நம் பாட்டிமாரைப் போன்ற சிலருடைய பிடிவாதத்தினால்தான்.

அவரோடு நமக்கு நேர்ந்த அறிமுகத்தையும் சொல்லிவிடுகிறோம். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பழைய செய்தித்தாள்களை எடைக்குப் போட ரத்திக் கடைக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு மூட்டையிலிருந்து பிரிட்டனில் அச்சான பாந்தர் பதிப்பு ஒன்று சரிந்து விழுந்தது. அட்டை கிழிந்திருந்தது. கடைக்காரர் அதற்குத் தனியாக விலை கேட்கவில்லை. நம் செய்தித்தாள் கணக்கில் சிறிது குறைத்துக்கொண்டார். அன்றிரவு பார்சல் ஆபீசில் நமக்கு இரவுப் பணி. இரண்டு வண்டிகளுக்கு இடையிலிருந்த ஓய்வில் ஒரு கதையைப் படித்தோம். வெளியே எடைமேடையில் ஒரு பூனை குதித்த ஓசைக்கு நாம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அன்று முதல் இவ்வகைப் பழங்கதைகளின் மறுபதிப்புகளைத் தேடிச் சேர்ப்பது நமக்கு வழக்கமாயிற்று.

லவ்கிராப்ட் 1890-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகராகிய பிராவிடன்ஸில், தாய்வழிப் பாட்டனாரின் பெரிய வீட்டில் பிறந்தார். தந்தை வெள்ளிச் சாமான் விற்கும் நிறுவனமொன்றின் ஊர்சுற்றும் விற்பனையாளர். குழந்தைக்கு மூன்று வயது நிரம்புமுன்னரே தந்தைக்குச் சித்தம் கலங்கிற்று. மருத்துவமனையில் ஐந்தாண்டுகள் கிடந்து 1898-இல் இறந்தார். பாட்டனார்தாம் பேரனை வளர்த்தார். அவரது நூலகத்தில் சிறுவன் இஷ்டம்போல் மேய்ந்தான். ஐந்து வயதில் அராபியக் கதைகளைப் படித்துவிட்டு, தனக்கு அப்துல் அல்ஹஸ்ரத் என்று ஓர் அராபியப் பெயரைச் சூட்டிக்கொண்டான். பிற்காலக் கதைகளில் பித்துப்பிடித்த புலவன் ஒருவனுக்கு அதே பெயரை வைத்தான் என்பது வேடிக்கை. வானநூலில் அளவிறந்த ஆசை கொண்டு, பதின்மூன்று வயதில் கையாலேயே படியெடுத்து ஒரு வானியல் பத்திரிகை நடத்தினான்.

1904-இல் பாட்டனார் மறைந்தார். குடும்பத்தின் செல்வமும் உடன் மறைந்தது. தாயும் மகனும் பெரிய வீட்டை விட்டு, அதே தெருவில் ஒரு சிறு ஜாகைக்கு மாறினார்கள். நரம்புத் தளர்ச்சியினால் 1908-இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிவுபெறாமலே நின்றது. பல்கலைக்கழகத்தில் வானநூல் படிக்க வேண்டுமென்ற ஆசை கனவாய்ப் போயிற்று. அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் அவர் வீட்டை விட்டு அதிகம் வெளிவரவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பட்டம் பெற்றவர்களின் நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல் பேனா பிடித்திருக்கும் நாம், இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் சற்று நின்றுதான் போகிறோம்.

பொழுதுபோக்குப் பத்திரிகையொன்றில் ஒரு கதாசிரியரைக் கடிந்து அவர் எழுதிய கடிதங்களே அவரை வெளியுலகிற்கு இழுத்துவந்தன. அவற்றைக் கண்டவர்கள் 1914-இல் அவரைத் தம் சங்கமொன்றிற் சேர்த்துக்கொண்டார்கள். ஊதியம் கருதாமல் ஆசைக்காகவே எழுதி, தாமே அச்சிட்டு, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் எழுத்தார்வலர்களின் சங்கம் அது. நம் ஆண்டு மலரைப் போன்ற ஏடுகளில்தான் அவர் தொடக்ககால எழுத்துகள் வந்தன என்று சொன்னால் மிகையாகாது.

இனி, அக்காலத்து மலிவுப் பத்திரிகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டதால் அவற்றுக்குப் 'பல்ப்' பத்திரிகைகள் என்று பெயர். மேலட்டையில் மட்டும் பளபளப்பான வர்ணப் படம். உள்ளே சொரசொரத்த தாள். அந்தத் தாளிலேயே அமிலம் இருப்பதால், சில ஆண்டுகளில் பழுத்து, பிறகு அப்பளம்போல் நொறுங்கிவிடும். படித்து எறிவதற்கென்றே பிறந்தவை. 1923 மார்ச்சில் சிகாகோவிலிருந்து 'வியர்ட் டேல்ஸ்' என்ற பத்திரிகை, பேய்க்கதைக்கும் மாயக்கதைக்கும் மட்டுமே என்று புறப்பட்டது. விலை 25 சென்ட். அவ்வாண்டு அக்டோபரில் லவ்கிராப்டின் கதை அதில் முதன்முதலாக வந்தது. 1954 செப்டம்பர் வரையில் அப்பத்திரிகை தொடர்ந்து நடந்தது.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது, ரெயில்வேக்காரனாகிய நமக்கு மிகவும் உவப்பான சம்பவம். ஹூடினி என்ற புகழ்பெற்ற ஜாலவித்தைக்காரரின் பெயரில் ஒரு கதை எழுதித் தரும்படி பத்திரிகையின் முதலாளி லவ்கிராப்டைக் கேட்டு, 100 டாலர் முன்பணமும் கொடுத்திருந்தார். அதே சமயத்தில் லவ்கிராப்டுக்குக் கல்யாணமும் கூடிவந்தது. மணப்பெண் சோனியா கிரீன் நியூயார்க்கில் இருந்தார். தொப்பி வடிவமைக்கும் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர். மாப்பிள்ளை கதையைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டு, பிராவிடன்ஸ் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தார். கண் அயர்ந்தது. வண்டி வந்ததும் அவசரமாக எழுந்து ஓடினார். தட்டச்சுப் பிரதி நிலையத்திலேயே தங்கிவிட்டது! பத்திரிகையில் காணவில்லை என்று விளம்பரம் கொடுத்தும் அது அகப்படவில்லை. நல்ல வேளையாகக் கையெழுத்துப் பிரதி அவரிடம் இருந்தது. 1924 மார்ச் 3-ஆம் நாள் விவாகம் முடிந்து தம்பதிகள் பிலடெல்பியாவுக்குச் சென்றார்கள். அங்கே, அடித்தலும் திருத்தலுமாயிருந்த அந்த ஏட்டை மணப்பெண் நிதானமாகப் படிக்க, மாப்பிள்ளை இரவல் யந்திரத்தில் தட்டச்சு செய்தார். தேனிலவு இவ்வாறு கழிந்தது. நமது நிலையத்திலும் குடையும் டிபன் கேரியரும் கேட்பாரற்றுக் கிடப்பதுண்டு. ஒரு கதை இதுவரையில் அகப்பட்டதில்லை.

நியூயார்க் வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. சோனியாவின் தொழில் நொடித்தது. அவர் வேறு ஊரில் வேலை தேடிச் சென்றார். லவ்கிராப்டுக்கோ ஒரு வேலையும் கிட்டவில்லை. 1925 மே மாதத்தில் திருடர்கள் அறையில் புகுந்து அவர் உடுப்புகளைக் கூட வாரிக்கொண்டு போனார்கள். அந்நகரின் வீதிகளில் நிறைந்திருந்த அயல்நாட்டுக் குடியேறிகளை அவர் கொடிய வெறுப்போடு நோக்கினார். கறுப்பர், யூதர், கிழக்கத்தியர் எல்லோரையும் பற்றி அவர் கடிதங்களிலும் கதைகளிலும் எழுதியுள்ளவை படிக்கக் கூசுபவை. அவர் மனைவியே ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய யூதப் பெண்மணி என்பதை எண்ணும்போது வியப்பும் வருத்தமும் மேலிடுகின்றன. பிழைப்பைத் தேடி வேற்று மாநிலத்தில் வந்து வாழும் நாம் இதை மூடி மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அவர் தெருவில் நாம் குடியேறியிருந்தால் நம்மையும் அவர் அந்தக் கண்ணால்தான் பார்த்திருப்பார். ஒரு முறை இக்காரணத்தால் அவர் புத்தகத்தை மூடி, மாதக்கணக்கில் தொடாமலும் இருந்தோம். மறுபடி எடுத்தது ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறோம்.

1926 ஏப்ரலில் அவர் தன்னந்தனியே பிராவிடன்ஸ் திரும்பினார். அதன் பிறகு எழுதியவையே அவரது சிறந்த கதைகள். 'கதூலுவின் அழைப்பு' அவ்வாண்டுக் கோடையில் எழுதப்பெற்றது. 'வியர்ட் டேல்ஸ்' ஆசிரியர் அதை முதலில் திருப்பிவிட்டு, பிறகு ஏற்று 1928 பிப்ரவரியில் வெளியிட்டார். கிடைத்தது 165 டாலர். அதற்கு முந்திய ஆண்டில் வேறொரு பத்திரிகையில் 'விண்வெளியிலிருந்து வந்த நிறம்' வெளிவந்தது. ஒரு குடியானவன் நிலத்தில் விண்கல் விழுகிறது. பயிரும் கால்நடையும் மனிதரும் சிறுகச் சிறுகச் சாம்பலாகிறார்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை; பெயரிட முடியாத ஒரு நிறம் மட்டும். நம் கருத்தில் அவர் எழுதியவற்றுள் தலையாயது இதுவே. அதற்கு அவர் பெற்ற கூலி 25 டாலர்; அதையும் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் வாங்கினார்.

இந்த வருமானத்தில் ஒரு மனிதர் எவ்வாறு ஜீவித்தார்? பிறர் எழுதிய கதைகளைத் திருத்திக் கொடுத்துச் சொற்பக் காசு பெற்றார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 சென்ட்டில் உணவை முடித்துக்கொண்டார். தபால்தலைச் செலவை மட்டும் அவர் குறைக்கவில்லை. தம் வாழ்நாளில் அவர் எழுதிய கடிதங்கள் 75,000-க்குக் குறையா என்று மதிப்பிடுகிறார்கள். நேரில் கண்டிராத இளம் எழுத்தாளர்களுக்கு, ஒரு மூத்த சகோதரரைப் போலப் பக்கம் பக்கமாக எழுதினார். அக்கடிதங்களே பிற்பாடு அவரைக் காப்பாற்றின.

1931-இல் தென்துருவத்தில் நிகழ்வதாக அவர் எழுதிய 'பித்தேற்றும் மலைகளில்' என்ற நெடுங்கதையை 'வியர்ட் டேல்ஸ்' திருப்பி அனுப்பியது. அவர் மனம் ஒடிந்துபோனார், எழுதுவதே குறைந்தது. ஐந்தாண்டு கழித்து வேறொரு பத்திரிகை அதை 350 டாலருக்கு வாங்கிற்று. ஆனால் அச்சில் வந்ததைப் பார்த்தவருக்கு ஆத்திரமே மிஞ்சியது. நீண்ட பத்திகளைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள். முடிவுப் பகுதியில் வரிகளை நீக்கியிருந்தார்கள். தம்மிடமிருந்த பத்திரிகைப் பிரதிகளில் உட்கார்ந்து தம் கையாலேயே திருத்தி வைத்தார். அவ்வாண்டு 1936-இல்தான் அவர் கண்ணால் கண்ட ஒரே புத்தகமும் வெளிவந்தது. 'இன்ஸ்மவுத்தின் மீது படிந்த நிழல்' என்ற அந்நூலைப் பென்சில்வேனியாவில் ஓர் ஆர்வலர் அச்சிட்டார். கட்டி வெளிவந்தவை இருநூறு பிரதிகள் போல. அச்சுப்பிழைகளோ மலிந்து கிடந்தன.

1937 மார்ச் 15-ஆம் நாள், குடலில் புற்றுநோய் முற்றி, நாற்பத்தாறாவது வயதில் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

இதற்குப் பின் நடந்ததே நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததன் காரணம். புளோரிடாவில் ராபர்ட் பார்லோ என்று ஒரு சிறுவன் இருந்தான். பதின்மூன்று வயதில் லவ்கிராப்டுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியவன். 1934-இல் அவன் அழைப்பை ஏற்று விருந்துக்குச் சென்ற லவ்கிராப்ட், இத்தனை காலம் தாம் எழுதிவந்தது ஒரு பையனுக்கு என்பதை நேரில் பார்த்துத்தான் அறிந்தாராம். மாயக்கதைப் பத்திரிகைகளையும் கையெழுத்து ஏடுகளையும் ஓர் அலமாரி அறையில் பூட்டிப் பாதுகாத்தவன் அவன். தட்டச்சு செய்வதென்றால் லவ்கிராப்டுக்கு வேப்பங்காய். ஆகவே பார்லோ அவருடைய கதைகளைத் தட்டச்சு செய்து கொடுத்து, கைம்மாறாக மூலப்பிரதிகளைப் பெற்றுக்கொண்டான். தம் எழுத்துகளுக்கு அவனையே பொறுப்பாளனாக லவ்கிராப்ட் குறித்து வைத்திருந்தார். பதினெட்டு வயதில் அவன் பிராவிடன்ஸ் வந்து ஏடுகளைப் பிரித்து ஒழுங்குசெய்து, பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹே நூலகத்தில் சேர்ப்பித்தான். லவ்கிராப்ட் கடைசியாகக் குடியிருந்த வீடு அந்நூலகத்துக்கு நேர் பின்னால்தான் அப்போது இருந்தது.

மற்றொருவர் விஸ்கான்சின் மாநிலத்துச் சாக் சிட்டியில் வாழ்ந்த ஆகஸ்ட் டெர்லெத். லவ்கிராப்டை ஒரு நாளும் நேரில் கண்டறியாதவர். கடிதத்தால் மட்டுமே சீடர். அவரும் டொனால்ட் வாண்டிரை என்ற நண்பரும் சேர்ந்து பத்திரிகைகளிற் சிதறிக் கிடந்த கதைகளைத் தொகுத்தார்கள். பெரிய பதிப்பகங்கள் கையை விரித்தன. டெர்லெத் அப்போது வீடு கட்டுவதற்காகக் கடன் வாங்கியிருந்தார். அதில் ஒரு பகுதியை எடுத்துத் தாமே பதிப்பகம் தொடங்கி, லவ்கிராப்ட் கதைகளில் வரும் கற்பனை ஊராகிய ஆர்க்காமின் பெயரையே அதற்கு வைத்தார். வீட்டுக்கடன் வாங்கியுள்ள நம் அன்பர்கள், அந்தப் பணத்தை எடுத்து இறந்துபோன நண்பருக்காகப் புத்தகம் போடத் துணிவார்களா என்று எண்ணிப் பார்க்கட்டும்! 1939-இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட பக்கங்களோடு முதல் தொகுதி வந்தது. 1,268 பிரதிகள், விலை 5 டாலர். அவை விற்றுத் தீர நான்காண்டுகள் ஆயின. அந்த முதற்பதிப்பு இன்று பல்லாயிரம் டாலருக்கு விலைபோகிறது.

டெர்லெத்தின் தொண்டைப் போற்றும் அதே வேளையில் ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. லவ்கிராப்ட் விட்டுச்சென்ற துண்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு தாமே கதைகள் எழுதி, இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டார். 1945-இல் வந்த அத்தகைய நாவலொன்றில் ஏறக்குறைய 50,000 சொற்கள். அவற்றுள் லவ்கிராப்ட் எழுதியவை ஆயிரத்துச் சொச்சமே. மறுபதிப்புகளைச் சேர்ப்போர் அட்டையிலுள்ள பெரிய எழுத்தை நம்பி ஏமாறலாகாது. நாம் ஏமாந்தோம். நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கி வந்த புத்தகத்தில் பாதி படித்த பிறகே, நடை வேறாயிருக்கிறதே என்ற ஐயம் நமக்குத் தோன்றிற்று.

பார்லோவுக்கு நேர்ந்தது இதனினும் கொடுமை. ஏடுகளைக் காத்த பிள்ளையையே, அவற்றை அபகரித்தவன் என்று வாண்டிரை முதலிய நண்பர்கள் தூற்றி ஒதுக்கினார்கள். அவன் மெக்சிகோ சென்று, அந்நாட்டுப் பழங்குடி மொழியைக் கற்றுப் பெரும் ஆராய்ச்சியாளனானான். 1951-இன் தொடக்கத்தில், முப்பத்திரண்டு வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

அவன் நூலகத்தில் சேர்ப்பித்த ஏடுகள் உறங்கிக் கிடந்தன. அச்சில் வந்த புத்தகங்களோ பத்திரிகைக்காரர் செய்த பிழைகளையும், தட்டச்சுப் பிழைகளையும், புதுப் பிழைகளையும் சுமந்துகொண்டு மறுபடி மறுபடி பதிப்பாகிவந்தன. அப்போது அந்நூலகத்துக்கு ஒரு மாணவர் வந்தார். லவ்கிராப்டின் ஏடுகள் அங்கே இருக்கின்றன என்பதற்காகவே பிரௌன் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து சேர்ந்தவர். கையெழுத்தையும் தட்டச்சையும் பத்திரிகையையும் அருகருகே வைத்து, சொல் சொல்லாக, காற்புள்ளி காற்புள்ளியாக ஒப்புநோக்கி, பல ஆண்டுகள் உழைத்தார். அவர் திருத்திய பாடங்களை ஆர்க்காம் பதிப்பகமே 1984, 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. லவ்கிராப்டின் விரிவான வாழ்க்கை வரலாற்றையும் 1996-இல் அவரே எழுதி வெளியிட்டார்.

அவர் பெயர் எஸ். டி. ஜோஷி. 1958-ஆம் ஆண்டு, நாம் வாழும் இதே புனே நகரில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர்.

இதை நாம் முதன்முதலில் அறிந்த இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. குடியேறிகளைக் கண்டு முகம் சுளித்த அந்த மனிதரின் ஒவ்வொரு காற்புள்ளியையும் ஒரு குடியேறியின் பிள்ளை உட்கார்ந்து நேர்செய்திருக்கிறார். அவர் வெறுப்பையும் மறைக்காமல் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மூடி வைத்த புத்தகத்தை மறுநாளே எடுத்தோம்.

லவ்கிராப்டை அடக்கம் செய்த இடத்தில் நாற்பதாண்டு காலம் தனிக் கல் இல்லை; குடும்பத் தூணில் பெயர் மட்டுமே இருந்தது. 1977-இல் வாசகர்கள் பணம் சேர்த்து ஒரு கல் நாட்டினார்கள்.

ரத்திக் கடையில் கிடைத்த அந்தப் பாந்தர் பதிப்பைச் சென்ற மாதம் பைண்டரிடம் கொடுத்தோம். தாயாரின் பொன்னியின் செல்வன் கட்டுக்கு வாங்கியது போன்றே சிவப்புக் காலிகோ கிடைத்தது. ஜோஷி திருத்திய பதிப்பு ஒன்றும் கைவசம் உண்டு. இரண்டையும் சங்க நூலகத்தின் இரண்டாவது பீரோவில், மேல் தட்டில் வைத்திருக்கிறோம். வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். இரவுப் பணிக்குச் செல்லும் அன்பர்கள் மட்டும் பகலிலேயே படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.